ரா வீடியோவை எடிட்டிங் மென்பொருளில் திறப்பது முதல் எக்ஸ்போர்ட் வரை: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு எடிட்டிங் மென்பொருள் ‘ரா வீடியோவை ஆதரிக்கும்’ என்று விளம்பரத்தில் பார்த்தால் உடனே நாலு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கோப்பு திறக்கிறதா? திறந்தபின் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு), ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமநிலை) ஆகியவற்றை மாற்றும் பலகை கிடைக்கிறதா? உங்கள் கணினியில் திக்காமல் ஓடுகிறதா? கடைசியில் முழுத் தரத்தோடு வெளியே வருகிறதா? முதல் கேள்விக்கு ஆம் என்று சொல்லும் மென்பொருள் மற்ற மூன்றிலும் காலை வாரிவிடலாம். இந்த நாலையும் ஒரே விஷயமாக நினைத்துக்கொள்வதால்தான் புதிதாக வருபவர்கள் ஷூட்டிங் முடிந்த பிறகு திண்டாடுகிறார்கள்.

ரா என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கேமரா சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறத்தின் ஒளியை மட்டுமே அளக்கிறது. கோடாக் நிறுவனத்தில் பிரைஸ் பேயர் வகுத்து 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பாதிப் புள்ளிகள் பச்சை, மீதியில் சரிபாதி சிவப்பும் நீலமும். அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து விடுபட்ட இரண்டு நிறங்களைக் கணக்கிட்டு முழுப் படமாக்குவதற்கு டிபேயர் என்று பெயர். சாதாரண வீடியோவில் இந்த வேலையைக் கேமராவே முடித்து, நிறத்தையும் பூட்டிவிடுகிறது. ரா வீடியோவில் அது எடிட்டிங் கணினியின் தலையில் விழுகிறது. அதனால்தான் இவ்வளவு சுதந்திரம், அதனால்தான் இவ்வளவு பாரம்.

முதல் படி: கையில் இருப்பது எது என்று பாருங்கள்

லாக் வீடியோவை, அதாவது பின்னால் நிறம் திருத்த வசதியாக மங்கலாகப் பதிவாகும் வீடியோவை, ரா என்று நினைத்துக்கொள்வது மிகப் பரவலான குழப்பம். எஸ்-லாக், சி-லாக் எல்லாம் டிபேயர் முடிந்த வீடியோக்கள். மங்கலாகத் தெரிவதால் மட்டும் அவை ரா ஆகிவிடாது. கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆர்3டி என்று முடிந்தால் ரெட் நிறுவனத்தின் கேமரா. பிஆர்ஏடபிள்யூ என்றால் பிளாக்மேஜிக் ரா, பேச்சுவழக்கில் பி-ரா. சிஆர்எம் என்றால் கேனான், என்ஈவி என்றால் நிக்கானின் என்-ரா. ஒரு ஃபோல்டருக்குள் ஆயிரக்கணக்கான டிஎன்ஜி படங்களும் ஒரு வேவ் ஒலிக் கோப்பும் கிடந்தால் அது சினிமா-டிஎன்ஜி. ஒரு ஃபிரேமுக்கு ஒரு கோப்பு. ஆண்ட்ராய்டில் மோஷன்கேம் செயலி எடுக்கும் ரா வீடியோவும் இந்த டிஎன்ஜி வழியாகத்தான் எடிட்டிங்குக்கு வந்து சேரும். பழைய கேனான் டிஎஸ்எல்ஆரில் மேஜிக் லேன்டர்ன் என்ற வெளியார் மென்பொருளைப் போட்டு எடுத்த எம்எல்வி கோப்பைப் பெரிய எடிட்டிங் மென்பொருள் எதுவும் நேரடியாகத் திறக்காது. எம்எல்வி ஆப் என்ற இலவச மென்பொருளில் டிஎன்ஜி வரிசையாக மாற்றிக்கொண்டுதான் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

ஏமாற்றுவது எம்ஓவி. ஆப்பிள் 2018-ல் கொண்டுவந்த புரோரெஸ் ராவும் எம்ஓவி என்றே முடியும், சாதாரண புரோரெஸ் 422-ம் அப்படியே முடியும். எம்எக்ஸ்எஃப் கோப்பிலும் இதே சிக்கல்: சோனியின் ரா வகையான எக்ஸ்-ஓசிஎன், ஆரி கேமராக்களின் ரா வகையான ஆரிராவின் ஒரு வடிவம், டிவி நிலையங்கள் பயன்படுத்தும் சாதாரண வீடியோ எல்லாமே அந்தப் பெயரில் வரும். இந்த இரண்டு வகைக்கும் மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் கோப்பைப் போட்டு, ஃபார்மட் என்ற வரியைப் படித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கார்டை அப்படியே நகலெடுங்கள்

வேண்டிய கிளிப்பை மட்டும் பொறுக்கி எடுப்பதும், எடுக்கும்போதே ‘சீன் 4 நல்ல டேக்’ என்று பெயர் மாற்றுவதும் பின்னால் வினையாகும். ரெட் கேமரா ஒரு நீளமான கிளிப்பை 4 ஜிபி துண்டுகளாக 001, 002 என்று வெட்டி வைக்கிறது. எல்லாத் துண்டுகளும் ஆர்டிசி என்று முடியும் ஒரே ஃபோல்டரில் அதே பெயரோடு இருந்தால்தான் மென்பொருள் அவற்றை ஒரே கிளிப்பாகக் காட்டும். பி-ராவில் ஒரு கிளிப்புக்கு ஒரு கோப்புதான், ஆனால் நீங்கள் செய்யும் ரா மாற்றங்களைச் சேமித்தால் அவை சைடுகார் என்ற சிறிய கோப்பில் போய் உட்காரும். அதன் பெயரும் கிளிப்பின் பெயரும் ஒன்றாக, ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். கிளிப்பின் பெயரை மட்டும் மாற்றினால் உறவு அறுந்து, படம் கேமராவில் எடுத்த பழைய தோற்றத்துக்குத் திரும்பிவிடும்.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் மீடியா பக்கத்தில் குளோன் டூல் என்று ஒன்று இருக்கிறது. அது ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்குகளுக்கு நகலெடுத்து, பைட் மாறாமல் வந்ததா என்று செக்சம் வைத்துச் சரிபார்க்கும். இலவசப் பதிப்பிலும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்புளோரரில் இழுத்துப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். டிஎன்ஜி வரிசை என்றால் பொறுமை வேண்டும்: அரை மணி நேரக் காட்சிக்கு 24 ஃபிரேம் வீதம் 43,200 கோப்புகள். மொத்த அளவு சிறிதாக இருந்தாலும் நகல் ஆமை வேகத்தில்தான் நகரும்.

டிஸ்க் எவ்வளவு வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். 4096 × 2160 என்ற 4கே அளவில் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 88 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றும் 12 பிட். அப்படியானால் ஒரு ஃபிரேம் 13 எம்பிக்குச் சற்று மேல். 24 ஃபிரேம் ஓடினால் நொடிக்குச் சுமார் 318 எம்பி. அமுக்காத ரா ஒரு மணி நேரத்துக்கு 1.1 டிபியைத் தாண்டும். பி-ராவில் அமுக்கும் விகிதம் 3:1 என்றால் நொடிக்கு 106 எம்பி, 5:1 என்றால் 64, 8:1 என்றால் 40, 12:1 என்றால் 27 எம்பி அளவில் வரும். 8:1-ல் ஒரு மணி நேரம் 145 ஜிபிக்குள் அடங்கிவிடும். இதே கணக்கு வேகத்துக்கும் பொருந்தும். சாதாரண யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்பிதான் தரும், அதுவும் பாதி நிரம்பியதும் குறையும். அதில் 8:1 கிளிப் ஒன்று ஓடும். மல்டிகேமில் (பல கேமராக் காட்சிகளை ஒருசேர எடிட் செய்வதில்) மூன்றை ஒன்றாக ஓட்டினால் திக்கும். அமுக்காத டிஎன்ஜி ஓடவே ஓடாது. நொடிக்கு 500 எம்பி தரும் ஒரு சாதாரண எஸ்எஸ்டியில் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ரா எடிட்டிங்குக்குப் பணம் செலவழிக்கப் போகிறீர்கள் என்றால் முதல் ரூபாய் எஸ்எஸ்டிக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாம் படி: எது எதைத் திறக்கும்

டாவின்சி ரிசால்வ் இந்த விஷயத்தில் தாராளம். பி-ரா, ஆர்3டி, ஆரிரா, சினிமா-டிஎன்ஜி, கேனான், சோனி, நிக்கான் என்று பெரும்பாலானவற்றைத் தனிச் செருகி (பிளகின்) எதுவும் இல்லாமல் திறக்கும். இலவசப் பதிப்பிலும் கேமரா ரா பலகை முழுதாகக் கிடைக்கும். வெளியீடுதான் 3840 × 2160 அளவோடு நிற்கும். நெடுங்காலம் அதில் இருந்த பெரிய ஓட்டை புரோரெஸ் ரா. 2025-ல் வந்த 20.2 பதிப்பில்தான் அது அடைபட்டது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு ‘ஏன் திறக்கவில்லை’ என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

அடோபி பிரீமியர் புரோ ஆர்3டி, ஆரிரா, கேனான் ரா, புரோரெஸ் ரா ஆகியவற்றைத் திறக்கும். பி-ராவுக்கு பிளாக்மேஜிக் நிறுவனம் தரும் இலவசத் தொகுப்பை நிறுவ வேண்டும். ஆவிட் மீடியா கம்போசருக்கான செருகியும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. பிரீமியரை முழுதாக மூடிவிட்டு நிறுவுங்கள், பிறகு திறங்கள். திறந்திருக்கும்போதே நிறுவிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டுவது வாடிக்கை. ஃபைனல் கட் புரோவுக்கு இயல்பானது புரோரெஸ் ரா. ரெட், கேனான் கோப்புகளுக்கு அந்தந்த நிறுவனம் தரும் செருகி வேண்டும், பி-ராவுக்கு விலை கொடுத்து வாங்கும் வெளியார் செருகி வேண்டும். கெடன்லைவ், ஷாட்கட் போன்ற திறமூல எடிட்டர்கள் பி-ராவைத் திறக்காது. அங்கேதான் எடிட் செய்வேன் என்றால் ரிசால்வில் புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற சாதாரண வீடியோ வகையாக மாற்றிக்கொண்டு போங்கள். வேலை நடக்கும், ஆனால் ராவின் பலன் மாற்றும் இடத்தோடு முடிந்துவிடும்.

எந்த எடிட்டருக்குள் போவதற்கு முன்னும் கேமரா நிறுவனத்தின் சொந்த இலவச மென்பொருளில் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. ரெட்டுக்கு ரெட்சினி-எக்ஸ் புரோ, பிளாக்மேஜிக்குக்கு பிளாக்மேஜிக் ரா பிளேயர், ஆரிக்கு ஆரி ரெஃபரன்ஸ் டூல், கேனானுக்கு சினிமா ரா டெவலப்மென்ட். அங்கே ஓடி எடிட்டரில் ஓடாவிட்டால் குறை எடிட்டரில் அல்லது செருகியில். அங்கேயே ஓடாவிட்டால் பெரும்பாலும் நகலெடுத்ததில்தான் கோளாறு. கார்டை ஃபார்மட் செய்யாமல் வைத்திருந்தால் பிழைத்தீர்கள்.

நான்காம் படி: ரிசால்வில் அமைப்பது

புதிய பிராஜெக்ட் திறந்ததும் கிளிப் எதையும் உள்ளே போடாதீர்கள். வலது கீழ் மூலையில் இருக்கும் பற்சக்கரத்தை அழுத்தி பிராஜெக்ட் செட்டிங்ஸ் போங்கள். மாஸ்டர் செட்டிங்ஸில் டைம்லைன் ஃபிரேம் ரேட்டை ஷூட் செய்த வேகத்துக்கே வையுங்கள். 24-ம் 23.976-ம் ஒன்றில்லை. கிளிப்புகள் உள்ளே வந்தபின் பிராஜெக்டின் இந்த எண் பூட்டிக்கொள்ளும்.

அதே ஜன்னலில் கேமரா ரா என்ற பகுதிக்கு வாருங்கள். மேலே ரா புரொஃபைலில் உங்கள் வகையைத் தேர்ந்தெடுங்கள். டிகோட் குவாலிட்டி (ராவை எவ்வளவு நுணுக்கமாகப் படமாக்குவது) என்ற இடத்தில் ஃபுல், ஹாஃப், குவார்ட்டர் என்று இருக்கும். எடிட் செய்யும்போது ஹாஃப் அல்லது குவார்ட்டர் போதும், படம் ஓடும் வேகத்தில் வித்தியாசம் உடனே தெரியும். டிகோட் யூசிங் என்பதில் ‘கேமரா மெட்டாடேட்டா’ என்று இருந்தால் ஷூட்டில் வைத்த மதிப்புகளே வரும். ‘பிராஜெக்ட்’ என்று மாற்றினால் இங்கே வைக்கும் ஒரே மதிப்பு அந்த வகைக் கிளிப்புகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒரே வெளிச்சத்தில் எடுத்த நேர்காணலுக்கு இது வசதி; வெயிலிலும் வீட்டுக்குள்ளும் கலந்து எடுத்த படத்துக்கு வம்பு.

கிளிப்புகளை உள்ளே கொண்டுவாருங்கள். டிஎன்ஜி வரிசை ஒரே கிளிப்பாக வராமல் படம் படமாகக் கொட்டினால், மீடியா ஸ்டோரேஜின் மூன்று புள்ளி மெனுவில் ஃபிரேம் டிஸ்ப்ளே மோடை ‘சீக்வென்ஸ்’ ஆக்குங்கள். ஒலியோடு உதடு ஒட்டவில்லை என்றால் டிஎன்ஜிக்குள் ஃபிரேம் ரேட் பதிவாகியிருக்காது. கிளிப் ஆட்ரிபியூட்ஸில் கையால் கொடுங்கள்.

இனி கலர் பக்கம். இடது கீழே கேமரா ரா பலகை. டிகோட் யூசிங்கை ‘கிளிப்’ என்று மாற்றினால்தான் அந்தக் கிளிப்புக்கான பட்டன்கள் உயிர்பெறும். இதைத் தெரியாமல் ‘எல்லாம் சாம்பல் நிறமாக முடங்கிக் கிடக்கிறது’ என்று தேடுபவர்கள் ஏராளம். முதலில் கலர் டெம்பரேச்சர், டின்ட், பிறகு எக்ஸ்போஷர், அதற்குப் பிறகுதான் கலர் வீல்கள். ஒயிட் பேலன்ஸை வீல்களில் இழுத்துச் சரிசெய்வதும் முடியும், ஆனால் அப்படிச் செய்தால் ராவில் எடுத்ததற்கே பொருளில்லை.

ஐஎஸ்ஓ பற்றி ஒரு எச்சரிக்கை. ‘ராவில் ஐஎஸ்ஓவை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்’ என்பது பாதி உண்மை. பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே கேமராவுக்கு 400, 3200 என்று இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ. 100 முதல் 1000 வரை எதில் எடுத்தாலும் சென்சார் 400-ல்தான் வேலை செய்தது. 1250-லிருந்து 25,600 வரை 3200-ல். எடிட்டிங்கில் அந்தந்த வரம்புக்குள் மட்டுமே நகர முடியும். 800-ல் எடுத்த இருட்டுக் காட்சியை 3200-க்கு மாற்ற மெனுவில் இடமே இருக்காது. சிக்னலைப் பெருக்கும் வேலை டிஜிட்டலாக மாறும் முன்பே சென்சாரில் நடந்துவிடுவதே காரணம். ஷட்டர் வேகம், ஃபோகஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவை எந்தக் காலத்திலும் மாறாது.

படம் மங்கிப்போய்ச் சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் பயப்படாதீர்கள். காமா (வெளிச்ச அளவுகளை எப்படிக் காட்டுவது என்ற அமைப்பு) ‘பிளாக்மேஜிக் டிசைன் ஃபிலிம்’ என்றோ லாக் என்றோ இருக்கும், அப்படித்தான் தெரியும். இதைச் சரிசெய்ய மூன்று வழி: ரா பலகையிலேயே காமாவை ‘எக்ஸ்டெண்டட் வீடியோ’ ஆக்கலாம், லாக்கில் விட்டுவிட்டு அதற்குரிய லட் (நிறங்களை மாற்றும் ஆயத்த அட்டவணை) போடலாம், பிராஜெக்டையே கலர் மேனேஜ்டு முறைக்கு மாற்றி, மாற்றும் வேலையை ரிசால்விடமே விடலாம். மூன்றில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். காமாவை வீடியோ ஆக்கிவிட்டு அதன்மேல் லாக்குக்கான லட்டையும் போட்டால் முகம் செம்மண்ணாகவும் நிழல் கரியாகவும் போகும். புதியவர்களின் கிரேடிங் (நிறத் திருத்தம்) ‘அடித்துப் போட்டது போல’ இருக்கிறதென்றால் பெரும்பாலும் இந்த இரட்டை மாற்றம்தான். தொடங்குபவர்களுக்கு மூன்றாவது வழியே பாதுகாப்பானது.

ஓடமாட்டேன் என்கிறதா?

எங்கே அடைப்பு என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிளாக்மேஜிக்கின் டிஸ்க் ஸ்பீடு டெஸ்ட் டிஸ்கை அளக்கும். பிளாக்மேஜிக் ரா ஸ்பீடு டெஸ்ட் உங்கள் சிபியுவும் ஜிபியுவும் எத்தனை ஃபிரேம் டிகோட் செய்யும் என்று சொல்லும். டிஸ்க் போதாதபோது கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவது வீண்செலவு. ரிசால்வின் பிரிஃபரன்ஸஸ், சிஸ்டம், டிகோட் ஆப்ஷன்ஸ் வழியாகப் போனால் பி-ராவுக்கும் ஆர்3டிக்கும் ஜிபியுவைப் பயன்படுத்தும் தேர்வுகள் இருக்கும். அவை டிக் ஆகியிருக்கட்டும்.

‘ஜிபியு மெமரி ஃபுல்’ என்று வந்தால் காரணம் எளிது. டிபேயர் ஆன 4கே ஃபிரேம் ஒன்று 32 பிட் கணக்கில் கார்டின் நினைவகத்தில் சுமார் 140 எம்பி பிடிக்கும். ஒரு நோடுக்கு (கலர் பக்கத்தில் ஒரு திருத்தப் படி), ஒரு எஃபெக்டுக்கு என்று பல ஃபிரேம்கள் ஒரே நேரத்தில் அங்கே நிற்கும்போது 4 ஜிபி கார்டு மூச்சுத் திணறத்தான் செய்யும். டைம்லைன் ரெசல்யூஷனை 1920 × 1080 ஆக வைத்து எடிட் செய்துவிட்டு, எக்ஸ்போர்ட்டுக்கு முன் 4கே ஆக மாற்றுங்கள். ரிசால்வில் அளவுகள் தானாகச் சரிசெய்துகொள்ளும்.

அதுவும் போதாவிட்டால் பிராக்ஸிதான், அதாவது எடிட் செய்வதற்கு மட்டும் எடுத்துக்கொள்ளும் சிறிய நகல். மீடியா பூலில் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, ஜெனரேட் பிராக்ஸி மீடியா. அளவு ஹாஃப் அல்லது குவார்ட்டர், வகை டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி அல்லது புரோரெஸ் பிராக்ஸி. லினக்ஸில் இலவச ரிசால்வ் வைத்திருப்பவர்கள் எச்.264 பிராக்ஸி பக்கம் போகாதீர்கள், அங்கே அது திறக்காது. எடிட் முடிந்து கலருக்கு வரும்போது பிளேபேக் மெனுவில் பிராக்ஸி ஹேண்ட்லிங் போய் ‘பிரிஃபர் கேமரா ஒரிஜினல்ஸ்’ என்று மாற்றுங்கள். பிராக்ஸி டிபேயர் ஆகி முடிந்த சாதாரண வீடியோ. ரா பலகையைத் திருப்பிப் பார்க்க வேண்டியது ஒரிஜினலில்தான்.

அடிக்கடி வரும் வேறு சில கோளாறுகள்

வானமோ பல்போ இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த இடத்தில் பச்சை நிறத்தின் அளவு உச்சத்தைத் தொட்டு நின்றுவிட்டது. ஒயிட் பேலன்ஸ் சிவப்பையும் நீலத்தையும் மட்டும் மேலே தூக்குகிறது. ஹைலைட் ரெக்கவரியை டிக் செய்தால் உச்சம் தொடாத நிறங்களை வைத்து மென்பொருள் ஊகித்து நிரப்பும். மூன்று நிறமும் உச்சம் தொட்டிருந்தால் அங்கே மீட்க ஒன்றும் இல்லை. எம்எல்வியிலிருந்து வந்த டிஎன்ஜி முழுவதும் பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால் பிளாக் லெவல் (கறுப்பு தொடங்கும் அளவு) தப்பாக எழுதப்பட்டிருக்கிறது. எம்எல்வி ஆப்பில் அதைத் திருத்தி மறுபடி எடுங்கள்.

ஒலி மட்டும் கேட்டுப் படம் வராவிட்டாலோ, சிவப்பில் ‘மீடியா ஆஃப்லைன்’ என்று வந்தாலோ மூன்றைப் பாருங்கள்: கோப்பு இடம் மாறியதா, செருகி இருக்கிறதா, கேமரா உங்கள் மென்பொருளைவிடப் புதியதா. கேமராவில் ஃபர்ம்வேர் ஏற்றியபின் எடுத்த கிளிப்புகள் மட்டும் திறக்காமல் போவது மூன்றாவது வகை. மென்பொருளைப் புதுப்பித்தால் தீரும். ஆனால் ரிசால்வைப் புதுப்பிக்கும் முன் பிராஜெக்ட் டேட்டாபேஸை பேக்கப் எடுத்துவிடுங்கள், புதிய பதிப்புக்கு மாறிய பிராஜெக்ட் பழையதில் திறக்காது. நடுவேலையில் இருக்கும் படத்துக்குப் புதுப்பிக்கவே வேண்டாம்.

எக்ஸ்போர்ட்

டெலிவர் பக்கத்தில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸைத் திறங்கள். ‘ஃபோர்ஸ் டிபேயர் டு ஹையஸ்ட் குவாலிட்டி’ டிக் ஆகியிருக்க வேண்டும். எடிட்டுக்காக வைத்த குவார்ட்டர் டிகோடை மறந்துபோனாலும் இது காப்பாற்றும். ‘யூஸ் பிராக்ஸி மீடியா’ டிக் ஆகாமல் இருக்க வேண்டும். பிரீமியரில் என்றால் எக்ஸ்போர்ட் அமைப்பில் ‘ரெண்டர் அட் மேக்சிமம் டெப்த்’ டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் 12 பிட்டில் எடுத்த வானம் பட்டை பட்டையாக வெளியே வரலாம். எக்ஸ்போர்ட் ஆன கோப்பை முழுத்திரையில் 100 சதவீத அளவில் வைத்து, முடி, இலை, துணி நெசவு போன்ற நுணுக்கமான இடங்களை டைம்லைனோடு ஒப்பிடுங்கள். பிராக்ஸி தெரியாமல் நுழைந்திருந்தால் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

இந்த மொத்தப் பாதையையும் ஷூட்டுக்கு முந்தைய வாரமே பத்து நொடிக் கிளிப் ஒன்றை வைத்து நடந்து பாருங்கள். அதே கேமரா, அதே அமைப்பு, அதே கணினி. அரை மணி நேரம்கூட ஆகாது.

படம் முடிந்தபின் இடம் நெருக்கினால், ரிசால்வின் மீடியா மேனேஜ்மென்டில் டைம்லைனில் பயன்பட்ட பகுதிகளை மட்டும் முன்னும் பின்னும் 24 ஃபிரேம் விட்டு வெட்டிச் சேமிக்கலாம்; பி-ரா இதில் மறுபடி அமுக்கப்படாமல் ராவாகவே வெட்டுப்படும். வெட்டியதைப் புதிய பிராஜெக்டில் திறந்து கடைசி வரை ஓட்டிப் பார்க்காமல் ஒரிஜினலை அழிக்காதீர்கள். அந்த டிஸ்கிலேயே நீங்கள் பயன்படுத்திய செருகியின் இன்ஸ்டாலரையும், மென்பொருளின் பதிப்பு எண் எழுதிய ஒரு டெக்ஸ்ட் கோப்பையும் போட்டு வையுங்கள்.